பதினேழாவது குறைக்கு நிர்வாகத்தின் பதில்

கணினித் தணிக்கை அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படிப்பது வீண் வேலை. முதல் பக்கம் மேலதிகாரிகளுக்காக எழுதப்படுவது. அதில் ஒரு வட்டம் இருக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று துண்டு போட்டிருப்போம். சிவப்புத் துண்டு சின்னதாக இருந்தால் எல்லோரும் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். நீங்கள் உள்ளே போக வேண்டும். அங்கே ஒவ்வொரு குறைக்கும் என்ன கண்டோம், அதனால் என்ன நடக்கலாம், என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கும். அடியில் ஒரு பெட்டியில் நிர்வாகத்தின் பதில் இருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஓர் இடத்தின் குணம் அந்தப் பெட்டியில்தான் தெரியும்.

வாக்குமூலத்தை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். "புரியற மாதிரி எழுதுங்க சார். எனக்குக் கம்ப்யூட்டர்னா மெயில் பார்க்கிறதோட சரி" என்றீர்கள். புரிகிற மாதிரி சொல்வதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. ஆகவே பொறுமையாகவே சொல்கிறேன்.

நான் தணிக்கை செய்த மருத்துவமனையின் நிர்வாகி என் அக்காவின் கணவர். சொந்தக்காரனைத் தணிக்கைக்கு வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் விதி. அத்தானோ அதை எனக்குச் செய்யும் உதவியாக நினைத்தார். "எவனோ ஒருத்தனுக்குக் கொடுக்கிறதை நம்ம வீட்டு ஆளுக்கே கொடுப்போம்" என்று அக்காவிடம் சொன்னாராம். எனக்கு அப்போது கையில் வேலை இல்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை.

வேலையை ஒழுங்காகவே செய்தேன். ஒவ்வொரு வார்டிலும் செவிலியர்களுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எந்த விசை எந்தத் திரையைத் திறக்கிறது என்று பார்த்தேன். அப்படிப் பார்த்ததில் கிடைத்ததுதான் பதினேழாவது குறை.

ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் 'ஒவ்வாமை' என்று ஒரு கட்டம் உண்டு. அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை அதில் எழுதுவார்கள். பார்க்கச் சின்னக் கட்டம், ஆனால் அழகான ஏற்பாடு. மருத்துவர் ஒரு மருந்தை எழுதினால் கணினி அந்தக் கட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சிவப்புப் பட்டை காட்டும். மருந்தகத்திலும் அதே பட்டை வரும். அறுவை சிகிச்சை அன்று காலையில் நோயாளியின் கையில் கட்டும் அட்டையும் அதிலிருந்தே அச்சாகும். மூன்று இடத்தில் மூன்று பேர் சரிபார்க்கிறோம் என்று மருத்துவமனைக்கு ரொம்பப் பெருமை. மூன்று பேரும் பார்ப்பது ஒரே கட்டத்தை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. கட்டத்தைக் காலி செய்துவிட்டால் மூன்று பேரும் ஒன்றாகக் குருடாகிவிடுவார்கள்.

காலி செய்வது கடினமும் இல்லை. வார்டு முழுவதற்கும் ஒரே கடவுச்சொல். அதையும் ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தார்கள். மாற்றியது யார் என்பதைக் கணினி குறித்து வைப்பதில்லை.

இதையெல்லாம் கூட்ட அறையில் பலகையில் படம் போட்டு விளக்கினேன். அத்தான் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சரி மாப்ளே, மாத்தலாம். ஒத்துக்கறேன். எவன் வேலை மெனக்கெட்டு வந்து அதை மாத்தப் போறான்?"

"இங்க வர்ற சனத்துக்கு லிஃப்ட்ல எந்த பட்டனை அமுக்கறதுன்னே தெரியலை சார்" என்றார் கணக்குப் பிரிவுத் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதான். சும்மா பூச்சாண்டி காட்டாதப்பா" என்றார் அத்தான்.

பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. நான் வார்டுக்குள் நுழைந்தால், "பூச்சாண்டி சார் வர்றாரு, பாஸ்வேர்டை மறைங்கடி" என்று செவிலியர்கள் கிசுகிசுப்பார்கள். ஒருத்தி தாளின் மேல் கையை வைத்துக்கொள்வாள். நான் போனதும் எடுத்துவிடுவாள்.

பிறகு அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிவப்பைப் பார்த்தா போர்டுல என் தலையைத்தான் உருட்டுவாங்க. மஞ்சளா மாத்திக் கொடுத்துடு" என்றார். நிறத்தைக் குறைக்க வேண்டுமானால், வேறொரு தடுப்பு இருப்பதாகக் காட்ட வேண்டும். தலைமைச் செவிலியரைக் கேட்டேன். "மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி பேஷன்ட் கிட்ட வாயால ஒரு தடவை கேட்டுடுவோம் சார்" என்றார். அதைத் தடுப்பு என்று எழுதி மஞ்சளாக்கினேன். மனசாட்சிக்காக அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிர்வாகத்தின் பதில் ஒரே வாரத்தில் வந்தது. 'இந்த அபாயம் ஏற்கப்படுகிறது.' கீழே அத்தானின் கையெழுத்து. இதில் முறைகேடு ஒன்றும் இல்லை. எங்கள் தொழிலில் இது அனுமதிக்கப்பட்ட பதில். எனக்குப் பொறுக்காதது அந்த வினைச்சொல்தான். கட்டிலில் படுத்திருப்பவன் ஒருவன், அவன் சார்பில் அபாயத்தை ஏற்றுக்கொள்பவர் குளிர்சாதன அறையில் இருக்கும் இன்னொருவர்.

அந்த வாரம் அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது இதை அக்காவிடம் சொன்னேன். சின்ன வயதில் வானொலியைக் கழற்றி நான் விளக்கும்போதெல்லாம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அன்றைக்கு அவள் அத்தானைப் பார்த்துச் சிரித்தாள்.

"இவன் அப்பவே இப்படித்தாங்க. இன்னைக்கு மழை வரும்னு அடிச்சுச் சொல்லுவான். வரலைன்னா மொட்டை மாடியில குடம் குடமா தண்ணியை ஊத்திட்டு, வந்து பாருங்கன்னு எல்லாரையும் கூப்பிடுவான்."

அத்தானுக்குச் சிரிப்பில் புரையேறியது. அக்கா அவர் தலையில் தட்டினாள். நானும் சிரித்தேன்.

சில மாதங்கள் கழித்து அக்காவின் பித்தப்பையில் கல் என்றார்கள். சாதாரண அறுவை சிகிச்சை, அத்தானின் மருத்துவமனையிலேயே. அக்காவுக்கு ஒரு மருந்து ஆகாது; அறுவை சிகிச்சையில் சீழ் பிடிக்காமலிருக்க வழக்கமாகப் போடும் ஊசிதான் அது. பள்ளி நாட்களில் அந்த ஊசியைப் போட்டு முகம் வீங்கி, உதடு நீலம் பாய்ந்து கிடந்தாள். மருத்துவரை இழுத்துக்கொண்டு வந்தவன் நான்தான். சேர்க்கும்போது அவளே அதைச் சொன்னாள், கட்டத்தில் ஏறியது, திரையில் சிவப்பு வந்தது. அன்று மாலை வந்து பார்த்த மயக்க மருத்துவரிடமும் சொன்னாள். மறுநாள் காலை பணிக்கு வந்தவர் வேறொருவர்.

காலையில் அவள் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "பத்திரமா வச்சுக்கடா. போன தடவை மாதிரி அது மேலேயே உட்கார்ந்துடாதே." சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வார்டு மேசையில் ஆள் இல்லை. கடவுச்சொல் எழுதிய தாள் அதே ஓரத்தில் இருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தேன். எடுத்திருந்தால் நான் பேசாமல் திரும்பியிருப்பேன். அவர்கள் எடுக்கவில்லை. கட்டத்தைக் காலி செய்தேன். கண்ணாடி துடைக்கும் நேரம்கூட ஆகவில்லை. கையட்டை அதற்குப் பிறகுதான் அச்சானது.

உங்களிடம் முதல் நாள் சொன்னது இதுதான்: நான் நினைத்தது ஒரு செயல்விளக்கம் மட்டுமே. செவிலி வாயால் கேட்பாள், அக்கா மருந்தின் பெயரைச் சொல்வாள், திரையில் இருக்காது, கூச்சல் எழும், அத்தான் ஓடி வருவார், அறிக்கையைத் திறப்பார். அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் காத்திருந்தேன்.

மருத்துவர் வெளியே வந்தார். இதயம் நின்றுவிட்டது, எவ்வளவோ முயன்றோம், ஏன் என்றே புரியவில்லை என்றார். அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் அருகில் போய், "பதினேழாவது அத்தான். நான் சொன்னேனே" என்றேன்.

காரணம் யாருக்கும் தெரியாத நேரம் அது. அவர் சுவரிலிருந்து கையை எடுத்து என் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்: "மொட்டை மாடியில தண்ணி ஊத்திட்டியாடா?"

அத்தானின் அந்தக் கேள்வியைத் தவிர உங்களுக்கு வேறு சாட்சியம் கிடைத்திருக்காது. மாற்றியது யார் என்று கணினி சொல்லாது; அதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். "அப்ப இந்த ஓட்டை யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டீர்கள். அறிக்கையைப் படித்தவர்களுக்கு என்றேன். அப்படிப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டிய ஆள் நான் ஒருவன்தான்.

நேற்று அறிக்கையை என் முன்னால் திருப்பி வைத்தீர்கள். பதினேழாவது குறை. தடுப்புக்குக் கீழே நான் சேர்த்த அந்த ஒரு வரியில் விரலை வைத்து வாசித்தீர்கள்: 'நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது இந்தத் தடுப்பு செயல்படாது.'

"இது நீங்க எழுதினதுதானே? அந்த ஊசியை மயக்கம் கொடுத்தப்புறம்தான் போடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். அறுவை அரங்கிலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். கேட்டால் பதில் சொல்ல அவளால் முடியாது என்று தெரிந்துதான் கட்டத்தைக் காலி செய்தேன். செயல்விளக்கம் என்று சொன்னது பொய். என் அக்காவை நான் கொன்றேன்.

ஆனால் இன்னொன்றையும் எழுதாவிட்டால் இந்த வாக்குமூலம் முழுமையாகாது. நீங்கள் அந்த வரியை வாசித்தபோது எனக்குப் பயம் வரவில்லை. அறிக்கையை அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நீங்கள்தான். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது.