வேகாத முட்டை

அழுக்கு என்றால் எனக்கு ஆகவே ஆகாது, ஐயா. உட்காரும் முன்பு உங்கள் ஸ்டேஷன் நாற்காலியைத் துண்டால் துடைத்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் அப்துல் கையூம் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரி தொடங்கிய நாள் முதல் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவன் நான். பழக்கதோஷம்.

டவுன் தோல் வியாபாரிகள் முதல் நத்தத்து மாந்தோப்புக்காரர்கள் வரை அவர் கத்திக்குத்தான் வயிற்றைக் காட்டினார்கள். அந்தக் கத்தியை எடுத்து அவர் கையில் வைத்தவன் இந்தச் சோலைமலை. அவர் வாய் திறந்து கேட்கமாட்டார். கையை நீட்டினால் வேண்டியது அதில் இருக்கும். ஊரில் எனக்குப் பாதி டாக்டர் என்று பெயர். மீதிப் பாதியை நானே பெருந்தன்மையாக அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தேன்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஆரோக்கியமேரி வந்தாள். மதுரையில் நர்ஸ் படிப்பை முடித்தவள். கஞ்சி போட்ட தொப்பி, அதற்குக் கீழே கொஞ்சம் பெண். அன்றே டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"சோலமலை, இனிமே உள்ள சிஸ்டர் நிக்கட்டும். நீ வெளிய மிஷினப் பாத்துக்கப்பா. அதுவும் பெரிய வேலதான்."

பெரிய வேலைதான், யார் இல்லை என்றது? கிணற்றில் தண்ணீர் இறைப்பதும் பெரிய வேலைதான். எனக்கு வயிறு எரிந்தது. நான் நின்ற இடத்தில், அவர் வலது கைப்பக்கம், அவள் நின்றாள். எனக்கு அந்த இடம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். வேறு ஆசை எதுவும் எனக்கு இருந்ததில்லை.

மிஷின் என்றால் காயத்துக்கு வைக்கும் பஞ்சையும் துணியையும் நீராவியில் வேகவைக்கும் பெரிய பாத்திரம். துணிகளை ஒரு டிரம்மில் சிஸ்டர் அடுக்கித் தருவாள், நான் மிஷினுக்குள் வைப்பேன். டிரம்மின் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள், அவற்றின் மேல் நகர்த்துகிற ஒரு பட்டை. வைக்கும்போது பட்டையைத் தள்ளித் துளைகளைத் திறக்க வேண்டும், ஆவி உள்ளே போவதற்கு. எடுத்ததும் மூடிவிட வேண்டும். திறக்காமலே வைத்தாலும் டிரம் சூடாகத்தான் வரும், துணி வெள்ளையாகத்தான் இருக்கும். கிருமிகள் மட்டும் உள்ளே சௌக்கியமாக இருக்கும்.

நான் திறக்கவில்லை. எல்லா டிரம்மையும் அப்படிச் செய்ய நான் என்ன ராட்சசனா? டாக்டர் தனியாகக் கீறுகிற சில்லறைக் கட்டிகளுக்குப் போகிற டிரம்மை ஒழுங்காகத்தான் திறந்து வைத்தேன். சிஸ்டர் பக்கத்தில் நிற்கும் பெரிய ஆபரேஷன்களில்தான் எனக்கு அக்கறை.

முதலில் வடமதுரை அழகர், பூ விவசாயி, குடலிறக்கம். தையல் சீழ் பிடித்தது. ஆனாலும் ஆள் கெட்டிக்காரர், பிழைத்துக்கொண்டார். அடுத்து நத்தத்து மூக்காயி. வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது, அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தாய்க்குத்தான் காய்ச்சல் கண்டு, வயிறு வீங்கி, முடிந்துபோனது. அவள் புருஷன் ராமர் வராந்தாவில் கிடந்தான். நான்தான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

"நல்லாத்தானண்ணே இருந்தா. என்னண்ணே ஆச்சு?"

"என்னத்தச் சொல்ல அப்பு. முன்னெல்லாம் இங்கன இப்பிடி ஆனதே இல்ல. எல்லாம் அந்தப் புதுப்பொண்ணு வந்தப்புறந்தேன்."

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, கவனியுங்கள்.

அதன்பின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்த கருப்பம்மாளும் அதே மாதிரி போனாள். டாக்டர் சிஸ்டரை எல்லார் முன்னாலும் திட்டினார். அவள் கைத்தோல் உரியும்வரை தேய்த்துக் கழுவிக்கொண்டே இருப்பாள். பார்க்கப் பாவமாக இருக்கும். ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று டாக்டர் என்னிடமே யோசனை கேட்டார். இன்னும் ஒரு டிரம் போதும் என்று தோன்றியது.

அந்த டிரம்மின் நடுவில், எனக்குத் தெரியாமல், ஒரு பச்சை முட்டையைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள் சிஸ்டர். மிஷினிலிருந்து வந்ததும் டாக்டர் முன்னால் கிண்ணத்தில் உடைத்தாள். மஞ்சள் கரு வழிந்தது. ஆவி உள்ளே போயிருந்தால் வெந்திருக்கும். டாக்டர் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

"யா அல்லாஹ்... வயசாயிருச்சு அவனுக்கு. தொறக்க மறந்திருக்கான்."

"ஆமா சார், அண்ணன் வேணும்னு செய்யிற ஆளு இல்ல சார்," என்று அவளும் எனக்காக அழுதாள். அவளைப் பற்றி நான் பரப்பியதெல்லாம் தெரிந்தும் அழுதாள். அன்றைக்குத்தான், ஐயா, எனக்கு நிஜமாகவே அவமானமாக இருந்தது.

நீங்களும் என் வாக்குமூலத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு வந்துவிடலாம் என்கிறீர்கள். உங்கள் நல்ல மனசுக்கு ரொம்ப நன்றி. ஆனால் அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். மூன்று பேருக்கும் போன டிரம்மில் துளைகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் மிஷினுக்குள் வைத்தேன். தியேட்டர் வேலையில் என்னை ஒரு குறை சொல்ல யாராலும் முடியாது.