பின்வரிசைச் சீசாக்கள்

கைக்குழந்தை இல்லாத வீட்டு முற்றத்தில் முளைகட்டிய கேழ்வரகு காய்ந்தால், ஏன் என்று யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். நானும் கேட்டேன். அங்கேதான் ஆரம்பம், அய்யா.

செங்கமலம் எனக்கு அடுத்த குவார்ட்டர்ஸ். நடுவில் ஒரு குட்டைச் சுவர். "முழுவாம இருக்கியாடி?" என்றேன். பதில் சொல்லாமல் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பதில் வராத இடத்தை விட்டு நகர எனக்குத் தெரியாது. எங்கள் பிளாக்கில் எந்த வீட்டு மாமியார் எந்த மருமகளிடம் பேசவில்லை என்பது வரைக்கும் கேட்டுப் பாருங்கள், சொல்வேன். அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து வீட்டுக் கேழ்வரகு தெரியவில்லை என்றால் சோறு இறங்குமா? ஒருநாள் மோர் கேட்கிற சாக்கில் பின்கட்டுக்கே போய்விட்டேன். புளித்த வாசனையோடு ஒரு பானை என்னைப் பார்த்தது.

அவள் புருஷன் வைத்திலிங்கம், சுரங்கத்தில் கரி ஏற்றும் பெல்ட் பூட்ட வந்த பெல்ஜியத்துக்காரரிடம் கையாளாக இருந்தவன். அந்தத் துரை ஊருக்குப் போகும்போது முளைகட்டிய தானியத்தில் பீர் காய்ச்சும் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்து, காய்ந்த கசப்புப் பூவும் புளிக்க வைக்கத் தன் சீசா அடியில் தங்கிய மண்டியும் விட்டுப் போனாராம். அவர் ஊரில் சாமியார்கள் மடத்திலேயே இதைக் காய்ச்சுவார்களாம். நம் வடலூர் மடத்தில் பாவம், சோறு மட்டும்தான் போடுகிறார்கள்.

"பர்மனெண்ட் ஆர்டர் வர்ற நேரங்க்கா. மதுவெலக்குல மாட்டுனா வேலையும் போயிடும், வூடும் போயிடும்" என்றான் வைத்திலிங்கம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று செங்கமலம் என்னிடம் வடலூர் ஜோதி பேரில் சத்தியம் வாங்கினாள். அப்புறம் ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

அந்த ருசியைச் சொல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. நிறம் கருப்பட்டிக் காப்பி. மேலே கறந்த பாலின் நுரை. மூக்கருகே கொண்டுபோனால் கனிந்து கறுத்த வாழைப்பழம், அதன் பின்னால் கிராம்பு. வாயில் பட்டதும் தீய்ந்த வெல்லப்பாகு. விழுங்குவதற்குள் கமலாப்பழத் தோல், ரசத்துக்கு வறுத்த மல்லி. எல்லாம் அடங்கியது என்று நினைக்கும்போது நாக்கடியில் வேப்பம்பூக் கசப்பு. கடைசியில் காது மடல் சுட்டது. ஒரு வாய்க்குள் இத்தனை பேர் வந்து போகிறார்கள், நான் ஒருத்தரிடமும் சொல்லக்கூடாது.

அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. மல்லி வறுத்தால் எழுந்து வாசலுக்குப் போவேன். வாசலில் யாராவது நின்றால் திரும்பி உள்ளே வருவேன். தண்ணீர்க் குழாயடியில் உப்புச் சப்பில்லாத சங்கதிகளைப் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் குடத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். "இன்னாக்கா, வாயில கொழுக்கட்டையா?" என்று எதிர்வீட்டுச் சாமியம்மாள் கிண்டல் செய்தாள். அவளுக்கென்ன.

அடுத்த தடவை காய்ச்சும்போது என்னையும் உதவிக்குக் கூப்பிட்டார்கள். சீசாவுக்கு ஒரு துண்டு கற்கண்டு போட்டுத் தக்கை அடித்துக் கம்பி கட்ட வேண்டும். உள்ளே அது மறுபடி பொங்கித்தான் நுரை கட்டும். "கூடப் போட்டுடாதீங்க்கா. சீசா வெடிச்சி மூஞ்சியப் பேத்துடும். தொர ஊர்ல ஒருத்தனுக்குக் கண்ணே போயிடுச்சாம்" என்று வைத்திலிங்கம் சொன்னான். முன்வரிசைக்கு ஒவ்வொரு துண்டுதான் போட்டேன். அவர்கள் தக்கை தேடப் போன நேரத்தில், பின்வரிசைக்குக் கைநிறைய.

சத்தியம் செய்தது நான்தானே, சீசா இல்லையே. வெடித்தால் பிளாக்கே கூடும், நானும் கூட்டத்தோடு வந்து "என்னம்மா இது" என்பேன், பிறகு வாய்விட்டுப் பேசலாம். யோசித்துப் பாருங்கள், உங்களுக்கும் நியாயமாகத்தான் படும்.

சித்திரை வெயில். வைத்திலிங்கம் ஷிப்டுக்குப் போயிருந்தான். செங்கமலம் என் வீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது முதல் சீசா வெடித்தது. ஒருத்தரும் வரவில்லை. சுரங்கத்தில் வெடி வைக்கிற நேரம் அது. சாமியம்மாள் கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு நிதானமாக உள்ளே போனாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

"அக்கா, நம்ம வூட்லதான். உள்ள போவ பயமா இருக்குது. மீதியும் வெடிச்சிட்டா?"

"ஒண்ணு வெடிச்சா மத்தது அடங்கிடும். போயி ஈரச் சாக்கப் போட்டு மூடு."

"நீயும் வாயேங்க்கா."

"அடுப்புல சோறு இருக்குதுடி" என்றேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. பின்வரிசையில் மீதி எல்லாம் அப்படியே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

அடுத்தடுத்து வெடித்த சத்தத்துக்கும் யாரும் வரவில்லை. அவள் சத்தத்துக்குத்தான் வந்தார்கள்.

வைத்திலிங்கம் தன் கைதான் தவறிவிட்டது என்று ஸ்டேஷனில் உங்களிடம் அழுகிறானாம். அவனை அடிக்காதீர்கள், அவன் கற்கண்டையே தொடவில்லை. வேலையும் வீடும் போனது போதும்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணும் இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கட்டுக்குள் இருந்தபடியே என் நடைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கேஸ் ஆயிடுச்சாமே. நீ யாருகிட்டயும் சொல்லலியேக்கா?"

"சொல்லலடி" என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

அது பொய் இல்லை, அய்யா. பிளாக்கில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். என் இடத்தில் வேறொருத்தி இருந்திருந்தால், முதல் வாரமே சத்தியத்தை மீறியிருப்பாள்.