பீட்ரூட் பவுடர் குடித்த மறுநாள் காலை

"சோத்தைப் பத்திப் படிக்க ஒரு காலேஜா?" எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போய் ஊட்டச்சத்தியல் படித்த என்னிடம் மாமா ஒருமுறை கேட்டார். நேற்று பேரையூர் பஸ்ஸில், முன்சீட்டில் இரண்டு ஓட்டக்காரப் பையன்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஜூனியர் டீம் செலக்சனுக்கு ஏன் மாப்ள வரல?"

"கால் வலி சீக்கிரம் போயிரும்னு பீட்ரூட் பவுடர் குடிச்சேன்டா. காலையில ஒண்ணுக்கு செவப்பாப் போச்சு. ரத்தம்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன்."

"அந்த ஓட்டத்தை கிரவுண்டுல ஓடிருக்கலாம்ல!"

"டாக்டர் சிரிச்சுட்டாரு. பீட்ரூட் சாயந்தான், போய் ஓடுன்னாரு. வந்து பாத்தா பத்து கிலோமீட்டரும் முடிஞ்சு எல்லாரும் ஷூ கழட்டுறாய்ங்க."

"விடு, அடுத்த வருசம் ஓடு."

"ஜூனியருக்கு வயசு தாண்டிரும்டா."



எங்கள் ஊர் மைதானத்தில் ஓடுகிறவர்களிடம், பீட்ரூட் குடித்தால் சிறுநீர் சிவக்கலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்ல, பயிற்சியாளரிடம் ஞாயிறு காலை நேரம் வாங்கிவிட்டேன்.