மண்ணெண்ணெய் வரிசையில் விட்டுக்கொடுத்த இடம்

1943 ஆனி மாதத்து என் டைரியில் ஒரு வரி: "தண்டில் மண்ணெண்ணெய் வரிசையில் ஒருத்தி தன் இடத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்." போர்க்காலத்தில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. தண்டு என்றால் பட்டாளம் தங்கியிருந்த பகுதி; அங்கே நான் பக்கத்து அரிசி வரிசையில் நின்றேன்.

"நீங்க முன்னாடி போங்கம்மா," என்று பின்னால் நின்றவளை அனுப்பினாள்.

"அக்கா, எண்ணெய் தீந்துடும்," என்றாள் அவளோடு வந்த இளையவள்.

"தீரட்டும். நீ சொல்லு."

"தம்பி உயிரை மாய்ச்சிக்கிட்டதிலேருந்து வீட்ல அவன் பேரையே எடுக்கிறதில்லேக்கா. துக்கம் விசாரிக்க வந்தவங்க எல்லாம் 'ஏன் செஞ்சான்'னுதான் கேட்டாங்க. அவன் எப்படி இருந்தான்னு கேட்டது நீங்க ஒருத்திதான்."

"சரி, கோழி திருடின கதையைப் பாதியிலே விட்டுட்டியே."

"ஐயோ, திருடலேக்கா! அதுவே அவன் பின்னாடி சர்ச் வரைக்கும் வந்துச்சு. பாதர் பூசை வைக்கிறாரு, இது பெஞ்சு மேலே ஏறி நின்னு கூவுது!"

இருவரும் சிரித்தார்கள். இளையவள் சிரிப்பிலேயே அழத் தொடங்கினாள். மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே, "நீங்களும் போங்கம்மா," என்றாள்.

நான் அரிசி வாங்கிக்கொண்டு கிளம்பியபோது கதை முடியவில்லை. அவர்களுக்கு அன்று எண்ணெய் கிடைத்ததா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.