பனியில் கிடந்த சட்டம்

சன்னல் கண்ணாடியைத் துடைப்பதற்கு வெந்நீரும் சிறிது வினிகரும் பழைய செய்தித்தாளும் போதும். கடையில் விற்கும் நீல நீர் கோடு விழச் செய்யும். என் மருமகள் கிங்கா அந்த நீல நீரைத்தான் வாங்குவாள்.

அதிகாரி அவர்களே, என் பட்டறையின் பற்றவைப்பு இயந்திரம் பழுதாக இருந்திருக்கலாம் என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். அந்தத் தவற்றைத் திருத்தவே வந்தேன். கணவர் மறைந்த பின், பொஸ்னான் நகருக்கு அருகே பிளாஸ்டிக் சன்னல் செய்யும் அப்பட்டறையை நானே நடத்தி வருகிறேன். இயந்திரத்தில் பழுதில்லை.

பிளாஸ்டிக் சன்னல் சட்டங்களின் முனைகளைச் சூட்டுத்தகட்டில் வைத்து உருக்குகிறோம். தகடு விலகியதும் முனைகளைச் சேர்த்து அழுத்தி, ஆறும்வரை பிடித்திருக்கிறோம். சூடு குறைந்தாலும், அழுத்தம் மிகுந்தாலும், முனையில் தூசி படிந்தாலும் மூலை கெடும். குளிர்காலத்தில் இன்னொன்றும் உண்டு. முற்றத்துப் பனியில் கிடந்த சட்டத்தை உடனே பற்றவைக்கக் கூடாது. அது ஓரிரவாவது உள்ளே கிடந்து குளிர் விட வேண்டும். இல்லையேல் மூலை ஒட்டும், ஆனால் ஒன்றாகாது. பிதுங்கிய உருகலைச் செதுக்கிவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

வித்தோல்ட் என் ஒரே மகன். ஈஸ்டர் முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டு நார்வேயில் குடியேறப் போவதாகப் பிப்ரவரியில் சொன்னான். சொன்னவன் அவன், சொல்லவைத்தவள் கிங்கா. நான் வாதாடவில்லை. சன்னல் புதிதாக இருந்தால் நல்ல விலைக்குப் போகும் என்று கூறி, அவர்களுடைய ஐந்தாம் மாடி வீட்டுக்கு ஒன்று செய்து கொடுத்தேன். அதில் ஒரு பாதிதான் திறக்கும். திறக்காத பாதியை வெளிப்புறம் துடைக்க, சன்னல் மேடைமேல் ஏறி, திறந்த கதவைப் பற்றிக்கொண்டு வெளியே சாய வேண்டும். ஈஸ்டருக்கு முன் எங்கள் பெண்கள் அப்படித்தான் துடைக்கிறார்கள்.

அக்கதவின் சட்டத்தைப் பனியிலிருந்து எடுத்துவந்து அப்போதே பற்றவைத்தேன். திறந்து மூடுவதை அது தாங்கும். ஆளைத் தாங்காது.

ஈஸ்டருக்கு முந்திய குருத்தோலை ஞாயிறன்று அவர்கள் வீட்டுக்குச் சென்றேன்.

"என்ன கிங்கா, இந்தக் கண்ணாடியில பாத்தா எனக்கு ரெண்டு மூக்கு தெரியுது?"

"நல்லதாப் போச்சு அத்தை. ஒண்ணையாவது உங்க வீட்டுலயே வச்சுக்கலாம்."

வித்தோல்ட் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு உதவியது. அதுவரை எனக்குள் இருந்த சிறு தயக்கமும் தீர்ந்தது.

"வியாழனுக்குள்ள துடைச்சு வை. அழுக்குச் சன்னல் வச்ச வீட்டுல நான் ஈஸ்டர் முட்டை சாப்பிட மாட்டேன்."

"விடும்மா, பளபளன்னு ஆயிடும். நான் பாத்துக்கறேன்," என்றான் வித்தோல்ட்.

வியாழனன்று ஈஸ்டர் முட்டைகளுக்கு நிறமேற, அவற்றை வெங்காயத் தோல் நீரில் வேகவைத்துக் கொண்டிருந்தேன். தொலைபேசி ஒலித்தது. அழைப்பவன் மகன் என்றே எடுத்தேன். அவனைத் தேற்றுவதற்கான சொற்களை முன்னரே அடுக்கி வைத்திருந்தேன். கேட்டது கிங்காவின் குரல்.

"அத்தை... நான் ஏறுறேன்னுதான் சொன்னேன். அவருதான், நீ தள்ளு, அம்மாவுக்குப் பிடிக்கிற மாதிரி நான் துடைக்கிறேன், கிளம்பறதுக்குள்ள ஒரு தடவையாவது அவங்க வாயால நல்லாருக்குன்னு கேட்டுடுவோம்னு சிரிச்சாரு அத்தை..."

அடுக்கி வைத்த சொற்களில் ஒன்றும் அவளுக்குப் பொருந்தவில்லை.

அன்று மாலை அந்த வீட்டுக்குப் போனேன். மூலை நான் கணித்த இடத்திலேயே முறிந்திருந்தது. திறக்காத பாதியில் அவன் கை எட்டியவரை கண்ணாடி தெளிவாக இருந்தது. ஒரு கோடுகூட இல்லை. அவனை நான் ஒருநாளும் துணியைத் தொடவிட்டதில்லை. யாரிடம் கற்றான் என்று தெரியவில்லை. நல்லாருக்கு என்று சொன்னேன். அறையில் யாரும் இல்லை.

ஆகவே உங்கள் அறிக்கையில் இயந்திரத்தைப் பற்றிய வரியை நீக்கிவிட்டு, என் பெயரை எழுதுங்கள். பற்றவைத்தவள் நான். அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஒழுங்கான வீடுகளில் சன்னலைப் பெண்தான் துடைக்கிறாள். அந்த ஒரு வேலையை, நான் சொன்ன நாளில், தன் கையால் அவள் செய்திருந்தால், என் மகன் இன்று உயிரோடு இருந்திருப்பான்.