மெதுவா ஒட்டுங்க

நாமக்கல்லில் இருந்து திருச்செங்கோடு போகும் பஸ். முன் இருக்கையில் இரண்டு பேர். ஜன்னலோரத்தில் இருந்தவரின் மடியில் ஒரு துண்டு பிவிசி பைப்பும், அதை ஒட்டும் பசை டப்பாவும்.

“காட்டுல சொட்டுநீர் பைப்புல இருந்த பிரஷர் மீட்டரைக் கழட்டி வீசிட்டனுங்க மச்சான். முள்ளு செவப்புக்கே போயி நிக்குது. பார்க்கவே பயமா இருந்துச்சு.”

“நல்ல காரியம் மாப்ள. அப்படியே உங்க லாரியில டீசல் முள்ளையும் கழட்டிருங்க, டீசலே தீராது. ஏனுங்க, சொட்டுநீர் போட்டவரு, மிச்சத் தண்ணி திரும்பக் கெணத்துலயே உழுகறதுக்கு ஒரு வால்வு வெச்சாரே?”

“அதை மூடிட்டேன். கெணத்துத் தண்ணி கெணத்துக்கே போறதுக்கு நான் எதுக்குங்க மோட்டார் போடோணும்?”

“மூடுன பொறவுதான் முள்ளு செவப்புக்குப் போச்சாக்கும்?”

“ஆமாங்க. அப்புறம் பைப்பு வெடிச்சுது. ஒட்டுனேன், மறுக்கா வெடிச்சுது. இந்த வாரத்துல மூணு தடவை.”

“ஆகமொத்தம், தண்ணி கெணத்துக்குப் போகல. செரி, வேற எங்கதான் போச்சு?”

ஜன்னலோரத்தில் இருந்தவர் மடியில் இருந்த பசை டப்பாவின் மூடியை இறுக்கினார்.

“பங்காளி காட்டுக்குத்தான். வெடிக்கிற எடம் அவன் வரப்போரம். நம்ம குச்சிக்கெழங்கு வாடிக் கெடக்குது, அவன் வெண்டைக்கா தளதளன்னு நிக்குது.”

“வரப்புத் தகராறுல இருந்து அவரு உங்ககூடப் பேசறதில்லீங்களே?”

“பேசமாட்டானுங்க. நேத்து நான் பைப்பு ஒட்டிட்டு இருந்தப்ப அவனே வந்தான். ‘அண்ணா, மெதுவா ஒட்டுங்க, ஒண்ணும் அவசரமில்ல’ங்கறான்.”