கொஞ்சம் பெரிய ஜன்னல்

வினோதா: அந்தச் செம்பைக் கொஞ்சம் தள்ளி வச்சிருக்கலாம்ங்க.

கிஷாந்த்: எந்தச் செம்பு?

வினோதா: மேச மேல இருக்கே… பூச்சாடிக்கிட்ட. ரெண்டும் காலையில பேர் குடுக்க பெரட்டுக்களத்துல வரிசையா நிக்கிற மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது.

கிஷாந்த்: வந்துட்டாங்கய்யா வேலை வாங்குற கண்டாக்கு! குவைத்துல இருந்துகிட்டு கந்தப்பளையில செம்பைத் தள்ளச் சொல்றா.

வினோதா: நம்ம வீடுதானே? சொல்லுவேன். மேடம் பகல் தூக்கம் போடுறாங்க, அவங்க எந்திரிக்கிற வரைக்கும் நான்தான் ராணி. இந்தப் படம் எப்ப எடுத்தீங்க?

கிஷாந்த்: இன்னைக்குக் காலையிலதான்.

வினோதா: பார்த்தா நீங்க ஆபீஸ்ல போடுற படம் மாதிரி இருக்கு. அதான்… இல்லாத மேசைய கம்பியூட்டர்ல போட்டு, கோப்பைய வச்சு, வெளிச்சத்தை அடிச்சு, வெளிநாட்டு நாற்காலிக் கடைக்காரனுக்கு அனுப்புவீங்களே…

கிஷாந்த்: நாள் பூரா அதே வேலை. வீட்டுலயும் எதைக் கையில எடுத்தாலும் பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வருது.

வினோதா: வெயிலையுமா பார்த்து வச்சீங்க?

கிஷாந்த்: என்ன வெயிலு?

வினோதா: தரையில ஜன்னல் கம்பி நிழல் கோடு கோடா விழுந்திருக்கு. நுவரெலியாப் பக்கம் ஒரு கெழமையா மழை விடலன்னு போன்ல நியூஸ் போடுறான். சூரியனை நீங்க மட்டும் தனியாக் குத்தகைக்கு எடுத்துட்டீங்களா?

கிஷாந்த்: ஏய்… நுவரெலியாவுல மழை பெஞ்சா கந்தப்பளையிலயும் பெய்யணுமா? காலையில லேசா அடிச்சுச்சு, எடுத்துட்டேன்.

வினோதா: சரி சரி. திரை அழகா இருக்கு.

கிஷாந்த்: உன் ரூம்ல இருக்கிற மாதிரியே வெள்ளை! நீ அனுப்பின படத்தை வச்சுப் பார்த்துத்தான்… வாங்கினேன்.

வினோதா: வாங்கினீங்க.

கிஷாந்த்: ஆமா. அங்க அந்த மாதிரி ரூம்ல இருந்துட்டு, இங்க வந்து வெறும் ஜன்னலைப் பார்த்தா உனக்கு மனசு சுருங்கிடும்ல?

வினோதா: ரெண்டு கோப்பை இருக்கு. ஒண்ணுல பாதித் தேத்தண்ணி.

கிஷாந்த்: அது உன்னோடது. நீ என்னைக்கு ஒரு தேத்தண்ணிய முழுசாக் குடிச்சிருக்க? பாதியில வச்சிட்டு எந்திரிச்சு ஓடிருவ.

வினோதா: நாற்காலி முதுகுல என் பச்சைச் சால்வை.

கிஷாந்த்: நீ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கணும்னு…

வினோதா: அந்தச் சால்வை இங்க என்கிட்ட இருக்குங்க. இப்பவும் மடியிலதான் கிடக்கு.

கிஷாந்த்: …அதே மாதிரி இன்னொண்ணு வாங்கினேன்.

வினோதா: ஓ. அதையும் வாங்கினீங்க.

கிஷாந்த்: இங்க பாரு, சால்வைய விடு. இன்னும் இருப்பியான்னு கேட்ட மேடத்துக்கு இன்னைக்குள்ள பதில் சொல்லணும்னியே. இனி இருக்க ஏலாது, ஊருக்குப் போறேன்னு சொல்லிடு. எல்லாம் முடிஞ்சிருச்சு வினோ. டைல்ஸ் பதிச்சாச்சு, பெயின்ட் அடிச்சாச்சு. வீடு முடிஞ்சா வந்துருவேன்னு நீதானே சொன்ன?

வினோதா: சொன்னேன். அது என்னங்க சத்தம்?

கிஷாந்த்: எது?

வினோதா: தடதடன்னு… தகரத்துல மழை விழுற சத்தம்.

கிஷாந்த்: அது… பக்கத்துக் கோழிக்கூட்டுத் தகரம்.

வினோதா: கோழிக்கூட்டுக்குள்ள நின்னா பேசுறீங்க?

கிஷாந்த்: உனக்கு எல்லாம் நக்கல்தான்.

வினோதா: அத்தைகிட்ட போனைக் குடுங்க.

கிஷாந்த்: அம்மா பீலிக்குத் தண்ணி எடுக்கப் போயிருக்கு.

வினோதா: இந்த மழையிலயா? நம்ம சமையல்கட்டுலதான் குழாய் இருக்கே. போன படத்துல பளபளன்னு மின்னுச்சு. அத்தைக்குப் பொய் சொல்ல வராது. அதான் நான் கேக்குறப்பல்லாம் பீலிக்கு அனுப்பிடுறீங்க. பாவம், அந்த மனுசி எத்தனை குடந்தான் சுமக்கும்?

கிஷாந்த்: என்ன புள்ள, என்னென்னமோ பேசுற…

வினோதா: போன மாசம், ஜன்னல் கொஞ்சம் பெருசா இருந்தா நல்லாருக்கும்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?

கிஷாந்த்: ம்.

வினோதா: மறுநாளே பெரிய ஜன்னலோட படம் வந்துச்சு. எந்த மேசன் பாஸுங்க அது? ஒரே நாள்ல செவுத்தை இடிச்சு, புது நிலை வச்சு, பூசி, பெயின்டும் அடிச்சுட்டுப் போனாரு? கண்ணாடியில ஒரு பொட்டு பெயின்ட் தெறிக்கல.

கிஷாந்த்: அய்யய்யோ…

வினோதா: முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்க. நீங்க சோத்தையும் கம்பியூட்டர்லயே ஆக்கிட்டீங்க.

கிஷாந்த்: பழக்க தோஷம் வினோ. ஆபீஸ்ல ஜன்னலைப் பெருசாக்குன்னு சொன்னா பெருசாக்குவோம். சூரியனை இந்தப் பக்கம் கொண்டு வான்னா கொண்டு வருவோம். நீ சொன்னதும் யோசிக்கவே இல்ல, கை தானாப் போயிருச்சு… அப்ப, என்னைச் சோதிக்கத்தான் கேட்டியா?

வினோதா: அதை விடுங்க. வீடு எங்க?

கிஷாந்த்: எந்த வீடு?

வினோதா: கேக்குறேன்ல?

கிஷாந்த்: இல்ல.

வினோதா: இல்லன்னா?

கிஷாந்த்: அத்திவாரம் போட்டு முடிச்சிருந்தோம். அதுக்கப்புறம் பெஞ்ச பெரிய மழையில மேல மலையில இருந்து மண்ணு இறங்கிடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம். கல்லு, கம்பி, சீமெந்து எல்லாம் போச்சு. ஆபீஸருங்க வந்து பார்த்தாங்க. இங்க இனி யாரும் வீடு கட்டப்படாதுன்னு செவப்புப் பலகைய நட்டுட்டுப் போயிட்டாங்க. நானும் அம்மாவும் தோட்டத்துல அதே லயத்து வரிசையிலதான் இருக்கோம். அதே ஒத்த ரூம் காம்பரா.

வினோதா: நான் இங்க பாடுபட்டதெல்லாம் மண்ணுக்கடியில.

கிஷாந்த்: ம்.

வினோதா: ஏங்க சொல்லல?

கிஷாந்த்: சொன்னா நீ என்ன சொல்லுவ? இன்னும் ரெண்டு வருசம் இருந்து சம்பாரிச்சுட்டு வர்றேன்னு நிப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? வீடு முடியாம வரமாட்டேன்னு ஒரே பிடியா இருந்த. அதான் முடிச்சேன். எனக்கு முடிஞ்ச இடத்துல முடிச்சேன்.

வினோதா: வந்து பார்த்தா தெரியாதா?

கிஷாந்த்: தெரியட்டும்னுதான். நீ வந்துட்டா போதும்னு இருந்துச்சு. திட்டினாலும் பக்கத்துல இருந்து திட்டுவல்ல?

வினோதா: லூசு…

கிஷாந்த்: ஆமா.

வினோதா: வீடு போச்சு, லயத்துக்கே வந்துருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேங்க. சத்தியமா வந்திருப்பேன்.

கிஷாந்த்: இப்பச் சொல்றேன். வீடு இல்ல. தகரம் ஒழுகுது. இஸ்தோப்புத் திண்ணையில மூணு சட்டி வச்சுத் தண்ணி புடிக்கிறோம். வா வினோ. மேடத்துக்கிட்ட இப்பவே போய்ச் சொல்லு.

வினோதா: சொல்லிட்டேன். முந்தாநாளே.

கிஷாந்த்: என்னான்னு?

வினோதா: இருக்கேன்னு. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்.

கிஷாந்த்: அடிப்பாவி! இன்னைக்குத்தான் பதில் சொல்லணும்னியே!

வினோதா: நீங்க மட்டும்தான் பொய் சொல்லலாமா?

கிஷாந்த்: ஏன் புள்ள? வீடு இல்லன்னு தெரிஞ்சுமா போட்ட?

வினோதா: தெரிஞ்சதாலதான் போட்டேன். நீங்க அனுப்பின படத்தையெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தேங்க. கோப்பைக் காதைக்கூட என் கைக்கு வாட்டமாத் திருப்பி வச்சிருக்கீங்க. பாதித் தேத்தண்ணியிலயும் வெயில் பட்டு மின்னுது. இல்லாத வீட்டையே இந்த மனுசன் இப்புடி அடுக்கி வைக்கிறாருன்னா, வீட்டு மேல எவ்வளவு ஆசை இருக்கணும்… சரி, நெசமாவே கட்டிக் குடுத்துருவோம்னு நினைச்சேன்.

கிஷாந்த்: வீட்டு மேலயா? அய்யோ… உன் மேலடி! நீ இருக்கிற மாதிரி இருக்கட்டும்னுதான் அதெல்லாம் வச்சேன். வீடு யாருக்கு வேணும்?

வினோதா: அதை இப்பத்தானே சொல்றீங்க.

கிஷாந்த்: மாத்த ஏலாதா?

வினோதா: கையெழுத்துங்க. உங்க ஜன்னலா, இழுத்து மாத்துறதுக்கு?

கிஷாந்த்: என் புத்தியச் செருப்பால அடிக்கணும். உன்னை வர வைக்கப் படம் போட்டேன். அதே படத்தைப் பார்த்து நீ அங்கயே நின்னுட்ட.

வினோதா: அழாதீங்க… அத்தைக்குக் கேட்டுறப் போகுது.

கிஷாந்த்: அம்மாதான் பீலியில இருக்கே.

வினோதா: நெசமாவே பீலிக்குத்தான் போயிருக்கா?

கிஷாந்த்: அது மட்டும் உண்மை.

வினோதா: நல்லாருக்கு போங்க.

கிஷாந்த்: ஒரே ஒரு ஆறுதல்தான் வினோ. நீயாவது அங்க நல்ல ரூம்ல இருக்க. பெரிய கட்டிலு, வெள்ளைத் திரை, கண்ணு முழிச்சா வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நம்ம படத்துக்கே வெளிச்சம் வச்சேன். ஆமா, கேட்டதுக்கு நீ பதிலே சொல்லல. ஜன்னலைப் பெருசாக்கச் சொன்னது என்னைச் சோதிக்கத்தானே?

வினோதா: மேடம் எந்திரிச்சுட்டாங்க போல.

கிஷாந்த்: சொல்லிட்டுப் போ.

வினோதா: சோதிக்கிறதுக்கெல்லாம் கேக்கலங்க. நான் அனுப்பினேனே, அந்த ரூம் இங்க வர்ற விருந்தாளிங்களுக்கு. தூசி தட்டப் போனப்ப விரிப்பை இழுத்துவிட்டு, பூச்சாடிய ஜன்னல்கிட்ட நகர்த்தி வச்சு, படம் எடுத்து அனுப்பினேன். நான் படுக்கிறது துணி துவைக்கிற மிசினுக்குப் பக்கத்துல. அங்க ஜன்னலே இல்லங்க… நாளைக்கும் படம் அனுப்புவீங்கல்ல? இன்னும் கொஞ்சம் பெருசாக்கி அனுப்புங்க.